விதைப்பந்தும் காட்டுப்பூக்களும்: செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரை

களிமண், மட்கிய எரு, விதை ஆகிய மூன்றையும் பிசைந்து உருட்டி, நிழலில் உலர்த்தினால் விதைப்பந்து. குழி தோண்டுவதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை. வீசிவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். மண் உறை எறும்பிடமிருந்தும் எலியிடமிருந்தும் விதையைக் காக்கும். நல்ல மழையில் கரைந்து முளைக்கு ஈரம் தரும்.

இக்காலத்தில் இதைப் பரவலாக்கியவர் ஜப்பானிய இயற்கை உழவர் மசனோபு ஃபுகுவோகா (1913–2008). பறவைகள் தின்றுவிடாதபடி நெல்லை மண்ணில் பொதிந்து விதைத்தார். அவர் மொழியில் இதன் பெயர் ‘மண் தாங்கோ’. தாங்கோ என்பது நம்மூர்க் கொழுக்கட்டைக்கு உறவான அரிசிமாவு உருண்டை. 1975இல் வெளிவந்த அவரது நூல் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ என்ற பெயரில் தமிழிலும் உண்டு.

தமிழ்நாட்டில் விதைப்பந்து என்றாலே மரம்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் மரங்களைச் சாய்த்தபின், பள்ளிகளும் கல்யாண வீட்டாரும்கூட வேம்பும் புங்கனும் வைத்த பந்துகளை வழங்கினர். நோக்கம் நல்லது, விதைதான் ஒத்துழைக்காது. வேப்பங்கொட்டை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். ஆனியில் உருட்டி ஐப்பசியில் வீசினால் பெரும்பாலும் மண் மட்டுமே விழும். பந்துக்கு ஏற்றவை உறை கடினமான, நாள்பட்டாலும் கெடாத விதைகள். அவ்வகை விதைகள் நம் காட்டுப்பூச்செடிகளில் ஏராளம்.

திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வட்டாரத்துப் பாறைக்குன்றுகளின் அடிவாரத்திலும் சாலையோரச் செம்மண்ணிலும் ஆவாரை தானாகவே வளர்கிறது. அதன் இலையைத் தின்று வளரும் வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. மரக்கன்று நடுவதற்காக ஆவாரைப் புதரை வெட்டுவோர் இதை நினைப்பதில்லை. ஊதாப்பூக் கொழுஞ்சி, காய்ந்த நெற்று கலகலக்கும் கிலுகிலுப்பை, தும்பை, நீலநிற விஷ்ணுகிரந்தி, பூளை ஆகியவையும் இந்நிலத்துக்குரியவை. கொழுஞ்சி நெற்று காய்ந்தால் வெடித்து விதையைச் சிதறடிக்கும். பழுப்பேறியதுமே பறித்துத் துணிப்பையில் கட்டிவைப்பது நல்லது. செடிக்குச் செடி கொஞ்சம் விட்டுவைத்தே பறிக்க வேண்டும். திருப்போரூர் வட்டாரத்தின் தண்டரையில் இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம் மூலிகைச் செடிகளுக்கு நாற்றங்கால் நடத்தி வந்திருக்கிறது. எந்தச் செடி எப்போது காய்க்கும் என்பதில் இருளர்களின் அறிவு பெரிது.

ஐந்து பங்கு மண், மூன்று பங்கு எரு, ஒரு பங்கு விதை என்பது பலரும் சொல்லும் கணக்கு. தும்பை போன்ற பொடிவிதைக்கு இது மிக அதிகம்; ஒரே உருண்டையில் நூறு நாற்று முளைத்து ஒன்றையொன்று நெருக்கிக் கொல்லும். கோலிக்குண்டு அளவில் உருட்டி, நாலைந்து விதையை மேற்புறத்தில் ஒட்டினால் போதும். ஆழத்தில் சிக்கிய பொடிவிதைக்கு வெளியே வர வலுவிருக்காது. ஆவாரை, கொழுஞ்சி விதைகளின் உறையை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்துவிட வேண்டும். நாற்றங்காலில் செய்வதுபோல வெந்நீரில் ஊறவைத்துவிட்டுப் பந்தில் வைத்தால், பந்து உலரும்போதே முளை கிளம்பிக் கருகிவிடும். மண்ணுக்கு ஏரிக் களிமண் சிறந்தது. ஏரிகள் நிறைந்த இம்மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

காலம்தான் பலரும் தவறுமிடம். ஆடி, ஆவணியில் மாலை இடிமழை ஒருநாள் கொட்டும், பிறகு பத்து நாள் வெயில் காயும். பந்து கரைந்து, முளை வந்து, செத்துப்போகும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் அக்டோபர் நடுவில், அதாவது புரட்டாசிக் கடைசியில் வீசுவதே இங்குப் பொருந்தும். சீமைக்கருவேலம் அடர்ந்த இடத்தில் வீசுவது வீண். காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியில்லாமல் வீசக் கூடாது.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கல்பாக்கம் வரையுள்ள மணற்கரையின் கதை வேறு. உப்புக்காற்று அடிக்கும் மணல்மேட்டில் செம்மண்ணையும் எருவையும் கொட்டினால் உள்நாட்டுக் களைகளுக்குத்தான் இடம் கிடைக்கும். அங்கே மணலைப் பிடித்து நிறுத்துபவை இராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும். சங்கப் பாடல்களில் அடும்பு என வரும் இந்த ஊதாப்பூக் கொடி கணுக்கணுவாக வேர்விட்டுப் படரும். அதன் விதை கடல்நீரில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கும். மணல் சரிந்த இடத்தில், மழை தொடங்கியதும் இரண்டு மூன்று கணுவுள்ள கொடித்துண்டைப் புதைத்தால் போதும்.