பொய் முகவரி பெற்ற மலைமலர்

சபாவிலுள்ள கினபாலு மலையை அறியாத மாணவர் நம் நாட்டில் இலர். 4,095 மீட்டர் உயரம், 1964இல் தேசியப் பூங்கா, 2000இல் உலக மரபுச் சின்னம் என்று பாடநூலில் சில வரிகளோடு அம்மலை முடிந்துவிடுகிறது. அதன் தாழ்சரிவுகளிலே பூக்கும் ஓர் ஆர்க்கிட் மலரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன். உலகுக்கு அறிமுகமான பின்னும் எழுபத்தோர் ஆண்டுகள் தன் சொந்த ஊர் இன்னதென்று தெரியாமலே இருந்த மலர் அது.

புதுச்செடி ஒன்றைக் கண்டவர் உடனே பெயரிட்டுவிட இயலாது. அதன் இலை, தண்டு, பூ முதலியவற்றை அளந்து, நெருங்கிய இனங்களினின்றும் அஃது எவ்வாறு வேறுபடுகிறது எனக் காட்டி, அச்சில் வெளியிடவேண்டும். அவ்விளக்கம் இலத்தீனிலே இருக்கவேண்டும் என்பது 1935 முதல் 2011 முடிய விதியாக இருந்தது. 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. இதனினும் முதன்மையானது மூலப்படி. அதாவது, இப்பெயர் இச்செடிக்கே உரியது என்பதற்குச் சான்றாக உலர்த்தி ஒட்டி வைக்கப்படும் ஒரு மாதிரி. 1958 முதல், மூலப்படியைக் குறிப்பிடாத புதிய இனப்பெயர் செல்லாது. அம்மாதிரியின் மூலையில் ஒரு சிறு சீட்டு இருக்கும். யார் எடுத்தார், எந்நாளில், எவ்விடத்தில், எவ்வளவு உயரத்தில் என்பன அதில் எழுதப்படும்.

பயிற்சிக் கல்லூரியில் யாமும் இலைகளை நாளிதழ்த் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தப் பயின்றோம். ஒட்டுவதிலும் ஓரம் கட்டுவதிலும் எங்களுக்கிருந்த ஊக்கம் சீட்டு எழுதுவதில் இருந்ததில்லை. பின்னாளில் எம் தோட்டப்பள்ளிச் சிறுவன் ஒருவன் ஒரு பூவை ஒட்டிக் கொண்டுவந்தான். கண்ட இடம் என்பதற்கு நேராக, “எங்கள் வீட்டுக்குப் பின்னால், சாக்கடைக்கு அப்பால்” என்று எழுதியிருந்தான். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். யான் சென்று பார்த்தேன். அவன் சொன்ன இடத்திலேயே செடி நின்றது.

கினபாலுவின் செடிகள் பலவற்றுக்கு இத்தகைய நேர்மையான முகவரி தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. ஹியூ லோ என்பார் 1851இல் அம்மலையில் ஏறினார். 1858இல் மீண்டும் ஏறினார். அவர் கொணர்ந்த குடுவைச் செடிகளை ஜோசப் ஹூக்கர் 1859இல் விவரித்தார். அவற்றுள் ஒன்று லோவின் பெயரைப் பெற்றது. மிகப் பெரியது சரவாக் ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக ‘ராஜா’ என்னும் பெயரைப் பெற்றது. இன்ன மலையிலிருந்து வந்தவை என்று தெரிந்தமையால் பின்வந்தோர் மலையேறிச் சென்று அவற்றைக் காண முடிந்தது.

நம் ஆர்க்கிட்டுக்கு வாய்த்தது வேறு. ஒரு தண்டில் சில பூக்கள். பக்கத்து இதழ்கள் இரண்டும் கைகளை நீட்டியது போல் இருபுறமும் கிடைமட்டமாக நீண்டு, புள்ளிகள் நிறைந்திருக்கும். மேலிதழில் கருஞ்சிவப்புக் கோடுகள். நடுவிலே செருப்பின் முனைபோன்ற பை. ஐரோப்பியச் செல்வர் ஆர்க்கிட்டுக்காகப் பணத்தைத் தண்ணீராய் இறைத்த காலம் அது. ஏறத்தாழ ஒரே சமயத்தில் இங்கிலாந்தின் சாண்டர் நிறுவனமும் பெல்ஜியத்தின் லிண்டன் நிறுவனமும் இதைச் சந்தைக்குக் கொணர்ந்தன. ஹம்பர்க் நகரப் பேராசிரியரும் அக்காலத்து ஆர்க்கிட் அறிஞருள் தலைவருமான ரைக்கன்பாக், 1888இல் இதனை விவரித்து, செல்வர் ரோத்சில்டின் பெயரைச் சூட்டினார். பாபியோபெடிலம் ரோத்சில்டியானம் என்பது இன்றைய பெயர்.

எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, நியூகினி என்று விடை சொல்லப்பட்டது. போட்டியாளரின் ஆட்கள் உண்மையான இடத்துக்கு விரைந்து எஞ்சிய செடிகளையும் அள்ளிவிடுவர் என்ற அச்சத்தால், வணிகர் இவ்வாறு பொய்யிடம் கூறுவது அந்நாளில் வழக்கமே. பேராசிரியர் ஏமாற்றினார் என்று சொல்லுதற்கில்லை. தோட்டத்துக் கண்ணாடி மனையில் பூத்ததைக் கையில் பெற்றவர் அதன் காட்டை எங்ஙனம் அறிவார்? ஆயினும் அறிஞர் நூலிலே ஏறியவுடன் வணிகரின் பொய்க்கும் ஒரு மதிப்பு வந்துவிடுகிறது.

மறு ஆண்டே ரைக்கன்பாக் காலமானார். அவருடைய உயில் அறிவுலகைத் திடுக்கிடச் செய்தது. தம் உலர்செடித் தொகுதி முழுவதையும் வியன்னா அரும்பொருளகத்துக்கு எழுதி வைத்த அவர், இருபத்தைந்து ஆண்டுகள் அதனை எவரும் திறத்தலாகாது என்றும் விதித்திருந்தார். அதனால் எவை முன்பே பெயர் பெற்றவை என ஒப்பிட்டுப் பார்க்க வழியின்றி, ஒரே செடிக்குப் பிறர் மறுபெயர் இடும் குழப்பமும் நேர்ந்தது. இப்படியாக, நம் மலருக்கு ஊர்ப்பெயர் பொய்யாயிற்று. அதனை விவரித்தவரின் பெட்டிகளும் பூட்டுக்குள் போயின.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். இமயமலைச் சாரலைச் சேர்ந்த இதன் உறவினமான பாபியோபெடிலம் பேரியானம் 1857இல் இங்கிலாந்தில் பூத்து, பின்பு தோட்டங்களில் அழிந்து, காட்டிலும் காணக் கிடைக்காது போயிற்று. அதைத் தேடித் தருவார்க்கு ஆயிரம் பவுன் பரிசு அறிவித்தவர் யார்? அதே சாண்டர்! 1905ஆம் ஆண்டளவில் அது பூட்டான் பகுதியில் மீண்டும் அகப்பட்டது. முகவரி தவறினால் ஆகும் செலவை அவரைவிட அறிந்தவர் எவர்?

கினபாலு மலருக்கு மீட்சி 1959இல் வந்தது. ஷீலா கொல்லனெட் என்னும் அம்மையார் அம்மலைச் சரிவில் அதனைக் கண்டார். ஏறத்தாழ ஐந்நூறு முதல் ஆயிரத்து இருநூறு மீட்டர் வரையுள்ள பகுதியிலே, கினபாலுவைச் சூழ்ந்த இடங்களிலன்றி உலகில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை என்பது இன்று தெளிவு.

இடம் தெரிந்த பின்னரே அதன் வாழ்க்கையும் தெரிந்தது. தேன் தராத இம்மலரை ஈ ஒன்று தேடி வருவானேன்? 1985இல் வெளியான ஆய்வு இதனை விளக்கிற்று. மலரின் நடுவிலுள்ள கேடயம் போன்ற உறுப்பின் மயிர்கள் செடிப்பேன் கூட்டம் போலத் தோன்றுகின்றன. செடிப்பேனைத் தின்று வளரும் குஞ்சுகளையுடைய ஒருவகை ஈ, தன் பிள்ளைகளுக்கு உணவு உண்டென்று நம்பி அங்கே முட்டையிடுகிறது. கால் தவறிப் பைக்குள் விழுந்து, பின்வழியே வெளியேறுங்கால் மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. குஞ்சுகளுக்கோ பட்டினிதான். இலண்டன் கண்ணாடி மனையில் நூறாண்டு வைத்துப் பார்த்தாலும் இது புலப்பட்டிராது.

ஆனால் உண்மை முகவரி வெளிப்பட்டதும் திருடரும் வந்தனர். காட்டுச்செடிகள் பெயர்த்தெடுக்கப்பட்டன, இன்று அவ்வினம் மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 1990 முதல் இப்பேரினம் முழுவதற்கும் காட்டுச்செடி வாணிபம் பன்னாட்டு உடன்படிக்கையால் தடுக்கப்பட்டுள்ளது. தடை இருந்துமென்ன? வியட்நாமில் கண்டறியப்பட்டு 2010இல் விவரிக்கப்பட்ட பாபியோபெடிலம் கன்ஹி என்னும் சிறுசெடி, பெயர் பெற்ற சில காலத்துக்குள்ளேயே காட்டில் துடைத்தெடுக்கப்பட்டது.

ஆகவே இக்காலத்து அறிஞர் பலர் புது ஆர்க்கிட்டை விவரிக்குங்கால் மாவட்டம் வரை எழுதி, சரியான இடத்தை அச்சில் மறைத்துவிடுகின்றனர். வணிகர் செய்ததையே இவர்களும் செய்கிறார்கள் என்பாரும் உளர். யான் அதனை ஒப்பேன். இவர்களின் சீட்டிலே உண்மை இருக்கிறது. காப்பாளரைக் கேட்டால் தக்கவர் காணலாம். சாண்டர் காலத்து வணிகரின் சீட்டில் அதுவும் இல்லையே!

இக்கதையை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “அப்படியானால் அந்தப் பூவை நாங்கள் பார்க்கவே முடியாதா, ஐயா?” என்று கேட்டாள். கினபாலு அடிவாரத்தில் போரிங் என்னுமிடத்திலுள்ள ஆர்க்கிட் தோட்டத்தில் வளர்க்கிறார்கள், பூக்கும் பருவத்தில் போனால் பார்க்கலாம் என்றேன். எந்த மாதம் என்று கேட்டுக் குறிப்பேட்டைத் திறந்தாள். விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.