மைலோ டின்னில் ஒரு கறிவேப்பிலை

நம்மில் பலருடைய முன்னோரை இந்த நாட்டுக்கு வரவழைத்தது பெட்டியில் வந்த ஒரு செடி.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ரப்பர் விதை சீக்கிரமே முளைக்கும் திறனை இழந்துவிடும். முளைத்தவை 3,000-க்கும் குறைவு. அவற்றைக் கன்றுகளாகவே ஆசியாவுக்கு அனுப்பினார்கள். அதற்கு உதவியது வார்டியன் பெட்டி என்ற மூடிய கண்ணாடிக் கூண்டு. மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் கண்ணாடியில் பட்டு மறுபடி மண்ணிலேயே விழும். கடல் உப்பும் உள்ளே போகாது. 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின.

பிறகு 1888-இல் வந்தார் ஹென்றி ரிட்லி. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் இந்த இயக்குநர், காப்பித் தோட்டத் துரைகளைப் பார்க்கும்போதெல்லாம் பையிலிருந்து ரப்பர் விதையை எடுத்து நீட்டுவாராம். 'பைத்தியக்கார ரிட்லி' என்று சிரித்தவர்கள், காப்பி விலை சரிந்து மோட்டார் வண்டி டயருக்கு ரப்பர் தேவைப்பட்டதும் அதையே நட்டார்கள். நெகிரி செம்பிலானின் காப்பித் தோட்டங்களும் அப்படித்தான் மாறின.

பரிசாக வந்த கன்றுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் கிடைத்தது. அதில் பால் வெட்டியவர்களுக்கு? குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கைப் பயிரிட விட வேண்டும் என்றது பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டம். அதுவும் பயன்படுத்தத்தான், சொந்தமில்லை. லயத்து வீடும் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீட்டையும் காலி செய்யணும்.

தோட்டத்து வாசல்களில் நின்ற மைலோ டின்களை நான் இந்தக் கணக்கோடுதான் பார்க்கிறேன். நிலத்தில் நட்டதை விட்டுட்டுப் போகணும். டின்னில் நட்டதைத் தூக்கிக்கிட்டுப் போகலாம். என் பாட்டி தீபாவளிக்கு முறுக்கோடு ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் கொடுப்பார். "பலகாரம் நாளைக்குத் தீர்ந்துரும், இது கெடக்கும்" என்பார். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பிறகு நீலாய் பக்கமெல்லாம் தாமான்களாக ஆனபோது, எங்கள் உறவுகள் பிளாட்டுகளுக்கு ஏறினார்கள். டின்களும் கூடவே மாடி ஏறின.

நீங்களும் இந்தத் தீபாவளிக்குச் செடி கொடுக்க நினைத்தால், முதலில் வாங்குகிறவரின் வீட்டைப் பாருங்கள். பால்கனியில் அரை நாள் வெயில் விழுந்தால் கறிவேப்பிலை, துளசி. நிழல்தான் என்றால் வெற்றிலைக் கொடி.

கறிவேப்பிலையின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பிடுங்காதீர்கள். தாய்வேரோடு இருக்கும் தொடர்பை மண்வெட்டியால் முதலில் வெட்டி விடுங்கள். சில வாரம் அங்கேயே நின்று சொந்த வேர் பிடித்ததும் மண்ணோடு எடுங்கள். தீபாவளி சமயத்து மழை இதற்குத் தோது.

டின்னின் அடியில் மட்டும் ஓட்டை போட்டால் சிமெண்டுத் தரையில் அடைபடும். பக்கவாட்டில், அடியோரமாகவும் போடணும். வடிகால் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்த நான் இதைப் பாட்டியிடம்தான் கற்றேன். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். கன்று ஓரடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை விடும். கீழே தட்டு வைத்தால் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் வரும்.

இன்னொன்று. விதையில் முளைத்தது மரத்தின் பிள்ளை. பக்கக்கன்றோ அதே மரம்தான், மரபணுவில் மாற்றமில்லை. லயம் இடிந்த பிறகும் அந்த வாசலில் நின்ற மரம் ஏதோ ஒரு பிளாட்டின் ஐந்தாம் மாடியில் தழைக்கிறது. அதனால் கன்றைக் கொடுக்கும்போது அது எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். ரப்பர் கன்று வந்த வழிக்குப் பதிவேடு இருக்கிறது. இதற்கு நாம்தான் இருக்கிறோம்.