கூழ்ப்பானை எங்க போச்சு?

போன வாரம் சென்னையில இருந்து வந்த சொந்தக்காரப் பையன், அங்கே ரோட்டோரத்துல கம்மங்கூழ் வாங்கிக் குடிச்சதைப் பெருமையா சொன்னான். "உங்க ஊர்ல தினமும் இதுதானே மாமா?" என்றும் கேட்டான். எங்க தெருவுல கூழ் காய்ச்சுற வீடு ரெண்டோ மூணோதான் என்றேன். அவன் நம்பலை. அந்தப் பானை எப்படிப் போச்சுன்னு எழுதி வைக்கலாம் என்று தோணுச்சு.

எங்க விருதுநகர் மாவட்டத்துல பெரும்பகுதி மானாவாரி. வருஷ மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில பெய்யும். அந்த ஈரத்தைக் கரிசல் மண் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை நம்பி விளைந்தது கம்பு, சோளம், குதிரைவாலி. கண்மாய்ப் பாசனம் இருந்த இடத்தில்தான் நெல். நான் சின்னப் பையனா இருந்த 1970-களில் நெல்லுச்சோறு என்றால் தீபாவளி வரணும், பொங்கல் வரணும், இல்லை வீட்டுக்கு விருந்தாள் வரணும்.

கூழ் சும்மா வராது. கம்பில் தண்ணி தெளித்து உரலில் குத்தணும். உமியைப் புடைத்து, திருகையில் உடைத்து, மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க வைக்கணும். மறுநாள் கிண்டி இறக்கி, ஆறினதும் உருண்டை பிடித்துத் தண்ணியில போடணும். அதற்கடுத்த நாள் காலையில்தான் கூழ். இத்தனையும் அம்மா கைவேலை.

இதற்கு நடுவில் வந்தது தீப்பெட்டி. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, 1923-ல் ஆரம்பித்து வைத்தார்கள். பின்னால் பட்டாசும் அச்சுத் தொழிலும் வந்தன. விவசாயிக்குப் பகையான காய்ந்த வெயில், மருந்து காய வைக்கிறவர்களுக்கு வசதி.

தொழிற்சாலையை எங்க பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ் என்போம். என் இளவயசில் விடியும் முன்னே ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். பொம்பளைகளோட சின்னப் பிள்ளைகளும் தூக்குவாளியோட ஏறின காலம் அது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல்தான் வந்தது. உலக்கை பிடித்த கை குச்சி அடுக்கப் போயிடுச்சு. வாரக் கூலி கையில் வந்தது, கடையில் அரிசி கிடைத்தது. 2011 ஜூனில் ரேஷன் அரிசியும் இலவசம் ஆச்சு. அரை மணியில் சோறு.

அதனால் கூழ் போனதுக்கு நாக்கு மாறினது மட்டும் காரணம் இல்லை. குத்துறதுக்கு ஆள் இல்லை. கூழ் குடிக்கிற வீடு ஏழை வீடு என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. அம்மா ஒருநாளும் உரலை நினைத்து ஏங்கினதில்லை. "என் பிள்ளைக தினமும் நெல்லுச்சோறு திங்குதுகளே, அது போதும்" என்பாங்க. பழசைப் புகழ்கிறபோதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இன்னைக்கு எங்க கரிசலில் நிறைய மக்காச்சோளம். அது கோழித் தீவனத்துக்குப் போகுது. 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. உடைத்த கம்பு பாக்கெட்டில் வருது. உரல் வேண்டாம்.

ஒரு டம்ளர் கம்பு மாவை மூணு டம்ளர் தண்ணியில கரைத்து ராத்திரி மூடி வையுங்க. காலையில் இன்னும் மூணு டம்ளர் தண்ணியைக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, கரைத்ததை ஊற்றி, சிறு தீயில் கட்டி விழாமல் இருபது நிமிஷம் கிண்டுங்க. ஆறினதும் உருட்டித் தண்ணியில போடுங்க. மறுநாள் சின்ன வெங்காயம் சேர்த்துக் கையால் கரைத்தால் ஆச்சு. புளிப்பு தானா இருக்கும், மோர் கூட வேண்டியதில்லை. வெஞ்சனத்துக்குக் காணத் துவையல், இல்லை வறுத்த சம்பா வத்தல். எங்க விருதுநகர் சம்பா வத்தலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கு. உருண்டை ஊறின தண்ணியைக் கொட்டிடாதீங்க. உப்புப் போட்டுக் குடித்தால் வெயிலுக்கு அதைவிட நல்ல பானம் இல்லை.

ஒன்றே ஒன்று. குத்துற வேலையை மில்லு பார்த்துக்கும். கிண்டுறதை மறுபடி வீட்டுப் பொம்பளைகள் தலையில் கட்டாதீங்க. எங்க வீட்டுல இப்போ நான்தான் கிண்டுறேன்.