நாயும் உடைமையும்: இலங்கையில் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பின் சமூகப் பின்னணி

1

வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி ஏற்றுவது இல்லப் பராமரிப்பைச் சார்ந்த ஒரு சிறு விடயமாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், 1973ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 377 பேர் நீர்வெறுப்பு நோயினால் மாண்டனர் என்பதையும், 2010களின் நடுப்பகுதியில் அத்தொகை ஆண்டொன்றுக்கு 20க்கும் 30க்கும் இடைப்பட்டதாகக் குறைந்தது என்பதையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து, இச்சிறு விடயத்தினுள் நமது சமூக வரலாற்றின் கூறொன்று பொதிந்திருப்பது புலப்படும். நோய்க்குறிகள் வெளிப்பட்ட பின்னர் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை எனத்தக்க நோய் இது. எனவே மரணங்கள் குறைந்தமைக்கான காரணத்தை நோயாளியின் படுக்கையருகே தேடுதல் பயன் தராது. கடித்த நாய்க்கும் கடிபட்ட மனிதருக்கும் நோய் முற்றுமுன்னர் சமூகம் யாது செய்தது என்பதிலேயே அது தேடப்படல் வேண்டும்.

மருத்துவம் ஒரு சமூக விஞ்ஞானம் என்று 1848ஆம் ஆண்டளவில் வலியுறுத்திய ருடோல்ப் வியர்ஹோவே, விலங்கு மருத்துவத்துக்கும் மனித மருத்துவத்துக்கும் இடையே பிரிகோடு இல்லை என்ற கருத்தினையும் கொண்டிருந்தார். தொழிலாளர் குடியிருப்புக்களிலே தோன்றும் கொள்ளைநோய்கள் செல்வர் வாழும் தெருக்களையும் சென்றடைவதனை ஏங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளிலே எடுத்துக்காட்டினார். இவ்விரு நோக்குகளையும் துணைக்கொண்டு இங்கு நாம் ஆராய முற்படும் வினா ஒன்றே. நாய் தனியொருவரின் உடைமை எனக் கொள்ளும் சட்டமும் சந்தையும் ஒருபுறமாகவும், நாய்க்கூட்டம் முழுவதையும் தழுவினாலன்றிப் பயன்தராத நோயெதிர்ப்பு மறுபுறமாகவும் நிற்க, இவற்றுக்கிடையிலான முரண்பாடு வரலாற்றில் எவ்வாறு தோன்றியது, எவ்வளவுக்குத் தீர்க்கப்பட்டது என்பதே அது.

2

தமிழ் மருத்துவ மரபிலே மாட்டுவாகடம், குதிரைவாகடம் எனும் பெயர்களில் விலங்கு மருத்துவம் பேணப்பட்டு வந்தது. உழவுக்கும் பாலுக்கும் மாடு; போருக்கும் ஊர்திக்கும் குதிரை. உற்பத்தியிலும் அரசியலதிகாரத்திலும் இடம்பெற்ற விலங்குகள் மருத்துவ ஏட்டிலும் இடம்பெற்றன. நாயோ விடவைத்தியத்திலேதான் பெரிதும் குறிப்பிடப்பட்டது. அங்கும் நோயாளி நாயன்று. அதனாற் கடியுண்ட மனிதரே.

ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் வேறாக இருக்கவில்லை. உலகின் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரியைக் குளோட் பூர்ஜலா என்பார் 1762இல் பிரான்சின் லியோன் நகரிலே தொடங்கினார். மாடுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்த கொள்ளைநோயும் குதிரைகளின் தேவையுமே அதற்குத் தூண்டுதலாயின. நாய் மருத்துவத்தின் கவனத்துக்குள் வந்தது பிற்காலத்திலேயே. அவ்வாறு வந்தபோதும் எல்லா நாய்களும் ஒருசேர வரவில்லை.

இதற்குப் பிரித்தானிய வரலாறு இரு சான்றுகளைத் தருகின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீர்வெறுப்பு நோயை ஒழிக்கும்பொருட்டு அங்கே நாய்களுக்கு வாய்ப்பூட்டு கட்டாயமாக்கப்பட்டது. கட்டுப்பாடுகள் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டு 1902இல் நோயும் ஒழிந்தது. ஆனால் நகரத்துத் தொழிலாளியின் நாய் பூட்டணிந்து திரிந்த வேளையில், பிரபுக்களின் வேட்டை நாய்களுக்கு வேட்டையின்போது விலக்களிக்கப்பட்டது. இரண்டாவது சான்று டிஸ்டெம்பர் எனும் நோய் பற்றியது. இந்நோய் வேட்டை நாய்க் கூட்டங்களைப் பெரிதும் பாதித்தது. கிராமப்புறக் கனவான்களின் வேட்டை ஏடாகிய ‘த பீல்ட்’ 1923இல் நிதியம் ஒன்றைத் திரட்டி ஆராய்ச்சிக்கு வழங்கியது. அதன் பேறாக லெயிட்லோவும் டங்கினும் 1920களின் இறுதியிலே தடுப்பு மருந்தொன்றை உருவாக்கினர். அவ்வாராய்ச்சியில் பயன்பட்ட பெரற் எனும் சிறு விலங்கே, 1933இல் மனிதரின் இன்புளுவென்சா வைரசை இனங்காணவும் துணைநின்றது. வேட்டைக்காரரின் பணத்திலே விளைந்த அறிவு மனிதகுலம் முழுவதற்கும் பயன்பட்டமையை மறுப்பது எமது நோக்கமன்று. எந்த நாயின் நோய் ஆராய்ச்சிக்குரிய பிரச்சினையாயிற்று என்பதை அறிவு மாத்திரம் தீர்மானிக்கவில்லை, நிதியும் தீர்மானித்தது என்பதே ஈண்டு மனங்கொளத்தக்கது.

3

இத்தகைய நோக்குடைய ஓர் ஆளும் வர்க்கம் குடியேற்ற நாடுகளின் தெருநாய்களை எதிர்கொண்டபோது, கொலையே அதன் முதற் கருவியாயிற்று. பம்பாயிலே நாயொன்றுக்கு இவ்வளவு எனக் கூலி வழங்கித் தெருநாய்களைக் கொல்லும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டபோது, 1832இல் பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நாய் அவர்தம் சமயச் சடங்குகளில் இடம்பெறும் விலங்கு. ஆட்சியாளரின் கண்ணுக்கு உரிமையாளரற்றதாகத் தோன்றிய நாய், ஊரவரின் கண்ணுக்கு அவ்வாறு தோன்றவில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

இலங்கையில் இதே பார்வை சட்டவடிவம் பெற்றது. 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச்சட்டமும், 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச்சட்டமும் இவ்வகையில் முக்கியமானவை. இவற்றின்படி நாய் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் கட்டணம் செலுத்தி அதனை உள்ளூராட்சி நிறுவனத்திற் பதிதல் வேண்டும். பதியப்படாது வெளியிலே திரியும் நாய் பிடிக்கப்படவும் அழிக்கப்படவும் தக்கது.

இச்சட்டங்கள் கற்பனைசெய்த நாய் இலண்டன் மாநகரத்து நாய். நமது கிராமத்திலும் நகரத்து ஒழுங்கையிலும் வாழும் நாய் அத்தகையதன்று. காலையில் ஒரு வீட்டிலும் மாலையில் இன்னொரு வீட்டிலும் உண்டு, இரவிலே ஒழுங்கை முழுவதையும் காவல்செய்யும் நாய் அது. அதற்குப் பலர் உணவிடுவர். ஒருவரும் கட்டணம் செலுத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் 1980களில் இலங்கை உட்படச் சில நாடுகளில் நாய்த்தொகை பற்றி நிகழ்ந்த ஆய்வுகளும் இவ்வுண்மையையே சுட்டின. தெருவில் திரியும் நாய்களுட் பெரும்பாலானவை ஏதோவொரு வகையில் மனிதக் குடியிருப்பொன்றைச் சார்ந்தவை என்பதும், முற்றிலும் எவரையும் சாராதவை சிறுபான்மையினவே என்பதும் அவற்றால் தெளிவாயிற்று.

நம் நாட்டுத் தமிழில் வழங்கும் ‘கட்டாக்காலி’ என்ற சொல்லும் இங்கே கவனத்துக்குரியது. காலி என்பது பசுக்கூட்டத்தைக் குறிக்கும் பழஞ்சொல். கட்டப்படாது திரிந்து அயலவரின் பயிரை மேயும் மாடே முதலிற் கட்டாக்காலியாயிற்று. தோட்டமும் வேலியும் எல்லையும் உள்ள விவசாயச் சமூகத்தின் நியாயமான முறைப்பாடு அச்சொல்லில் ஒலிக்கின்றது. அதுவே பின்னர் நாய்க்கும் ஏற்றப்பட்டபோது, கட்டிவைக்கப்படுவதே நாயின் இயல்பான நிலை என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்து நுழைந்தது. சட்டத்தின் பார்வை மக்களின் பேச்சு வழக்குடனும் இவ்வாறு இயைந்துபோயிற்று எனலாம். பூனையின் நிலை வேறு. நாய்கள் பதிவுச் சட்டம் அதனைப் பொருட்படுத்தவில்லை. வேலியையோ உறுதியையோ மதியாது வீட்டுக்கு வீடு செல்லும் அவ்விலங்கும் நோயைக் காவக்கூடியது. ஆயினும் உடைமைச் சட்டத்தின் வலைக்குள் அது அகப்படவில்லை.

4

விஞ்ஞானம் வேறொரு வழியை ஏற்கெனவே திறந்திருந்தது. லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6இல் ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்குத் தடுப்பு மருந்தேற்றியமை யாவரும் அறிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே நாய்களைக் காக்கமுடியும் என்பதை அவர் பரிசோதனைகளால் மெய்ப்பித்திருந்தார் என்பதைப் பலர் நினைவுகூர்வதில்லை. ஆயினும் பல தடவைகள் ஏற்றவேண்டிய அம்மருந்து நாய்க்கூட்டத்துக்குப் பொருந்துவதாக இருக்கவில்லை. எனவே கடிபட்ட மனிதருக்கு மருந்தும், நாய்க்குக் கொலையுமாக அரை நூற்றாண்டளவு காலம் கழிந்தது.

மனிதருக்கான மருந்தும் எளிதானதன்று. டேவிட் செம்பிள் 1911இல் இந்தியாவின் கசௌலியில் உருவாக்கிய மருந்து, ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்திலும் அது தயாரிக்கப்பட்டு வந்தது. வயிற்றுத் தோலின் கீழ் நாள்தோறும் பதினான்கு ஊசிகள் வரை ஏற்றப்பட்ட அம்முறை நம் முன்னைய தலைமுறையினரின் நினைவில் இன்னும் அச்சமாகவே நிலைத்துள்ளது. சிலருக்கு அது பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்புக்களையும் விளைவித்தது. நாட்கூலியிலே வாழும் ஒருவருக்குப் பதினான்கு நாள் ஆசுபத்திரிக்குச் செல்லுதல் என்பது பதினான்கு நாட் கூலியை இழத்தலாகும். மருந்து இலவசமாயினும் காலம் இலவசமன்று. இடையில் நின்றுவிட்டோர் யாராக இருந்திருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று.

திருப்பம் ஜப்பானிலே நிகழ்ந்தது. உமெனோவும் டொயியும் ஒரே ஊசியால் நாயைக் காக்கும் மருந்தினை 1921இல் அறிவித்தனர். அந்நாடு 1950இல் நீர்வெறுப்புத் தடுப்புச் சட்டத்தினால் நாய்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கி, 1957உடன் நோயை ஒழித்தது. ஒரு பிரதேசத்தின் நாய்களுள் நூற்றுக்கு 70 அளவினவற்றுக்கு ஊசி ஏற்றப்படின், எஞ்சியவற்றிடையே நோய் தொடர்ந்து பரவ இயலாது ஓயும் என்பது பின்னர் பொதுவிதியாக ஏற்கப்பட்டது. இவ்விதியின் சமூகப் பொருள் ஆழமானது. ஒருவர் தமது நாயை எவ்வளவு செலவுசெய்து காத்தபோதிலும், ஒழுங்கையிலுள்ள ஏனைய நாய்கள் காக்கப்படாவிடின் அவரது குழந்தைக்குப் பாதுகாப்பில்லை. மறுதலையாக, ஏழை வீட்டு நாய்க்கு ஏற்றப்படும் ஊசி செல்வர் வீட்டுக் குழந்தையையும் காக்கின்றது. நாய் தனியுடைமையாக இருக்கலாம். நோயெதிர்ப்பு இயல்பிலேயே பொதுவுடைமை.

இலங்கையில் 1975இல் தொடங்கிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் நாய்களுக்கான தடுப்பூசி, தெருநாய்களை அழித்தல், கடிபட்டோருக்கான சிகிச்சை ஆகிய மூன்றையும் உள்ளடக்கியிருந்தது. இவற்றுள் எது மரணங்களைக் குறைத்தது? கொல்வதனால் மாத்திரம் நாய்த்தொகையோ நோய்ப் பரவலோ குறிப்பிடத்தக்க அளவு குறைந்தமைக்குச் சான்றில்லை என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1992இல் கூறிற்று. நமது அனுபவமும் அதற்கு அரண்செய்கின்றது. 2006இல் நாய்களைக் கொல்லாமைக் கொள்கை அறிவிக்கப்பட்டபோது நோய் பெருகும் என அஞ்சியோர் பலர். அதற்குப் பிந்திய பத்தாண்டில் மனித மரணங்கள் பெருகவில்லை; மேலும் குறைந்தன. கொல்லப்பட்ட நாயின் இடத்துக்கு ஊசியேறாத இளம் நாயொன்று வருகின்றது. ஊசியேறிய நாயோ உயிரோடு இருக்குமட்டும் நோய்க்குத் தடையாக நிற்கின்றது.

இம்மாற்றத்தைக் கருணை எனும் ஒற்றைச் சொல்லால் விளக்க முனைவோர் உளர். கருணையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கருணை ஊசி ஏற்றாது. 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியக் கல்வி தொடங்கியமை, இலவசக் கல்வியினூடாகக் கிராமத்துப் பிள்ளைகள் அத்துறையில் நுழைந்தமை, அரச செலவில் ஊசி ஏற்றுவோர் ஊர்தோறும் சென்றமை, கடிபட்டவர் அரசாங்க ஆசுபத்திரியிலே கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றமை ஆகிய இவையே 377ஐ முப்பதுக்கு உட்பட்டதாக்கிய பொருளியல் அடிப்படைகள்.

5

எனினும் முரண்பாடு முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. புதிய வடிவிலே தோன்றியுள்ளது. நகரங்களிலே தனியார் மிருக வைத்திய நிலையங்கள் பெருகியுள்ளன. 1978அளவில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ், டிஸ்டெம்பர் முதலியவற்றுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசிகளும், பூனைகளுக்குரிய ஊசிகளும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன. வளர்ப்பவரின் அன்பு மெய்யானதே; அதனை நாம் ஏளனம் செய்யவேண்டியதில்லை. ஆயின் நடுத்தர வர்க்கம் தன் விலங்கின் நலத்தைச் சந்தையில் வாங்கிக்கொள்ளப் பழகியதும், பொதுச் சேவை குன்றுவதையிட்டுக் குரலெழுப்பும் ஆற்றலுடையோர் அதனை மறந்துவிடுகின்றனர். பொதுச் சேவை ஏழைகளுக்கு மட்டும் உரியதாகும்போது, அது வறிய சேவையாகவும் ஆகிவிடுகின்றது.

மருந்து உற்பத்தியிலும் இதனையொத்த பின்னடைவு உண்டு. ஆட்டு மூளை மருந்து கைவிடப்பட்டமை மனிதாபிமான நோக்கில் வரவேற்கத்தக்கதே. ஆனால் அதனிடத்தைப் பெற்ற நவீன மருந்துகளுக்கு இறக்குமதியையே நம்பியிருக்கின்றோம். 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது மருந்து இறக்குமதி முழுவதும் தத்தளித்தமை, இச்சார்புநிலை எத்துணை ஆபத்தானது என்பதை உணர்த்திற்று. ஓரிடத்துச் சேவை தளர்ந்தால் நோய் திரும்பும் என்பதற்கு வேறொரு விலங்கின் வரலாறும் சான்று. 1946உடன் நாட்டிலிருந்து ஒழிந்த மாட்டுக் கொள்ளைநோய், போரினாற் சிதைந்த வடகிழக்கிலே 1987இல் மீண்டும் தலைகாட்டியது.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் நீர்வெறுப்பு நோயால் மாள்கின்றனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதருக்கு இந்நோய் தொற்றும் நிகழ்வுகளுள் நூற்றுக்கு 99 வரை நாயினால் நேர்வன. மாள்வோருட் பெரும்பாலோர் ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் ஏழைகள். ஐயத்துக்குரிய விலங்குகளாற் கடியுண்போரில் ஐவரில் இருவர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர். தடுக்கும் வழி நூறாண்டுக்கு முன்னரே கண்டறியப்பட்ட ஒரு நோயினால் நிகழும் இம்மரணங்களை விஞ்ஞானத்தின் தோல்வி என்று கூறுதல் பொருந்தாது. இவை பங்கீட்டின் தோல்வி.

2030ஆம் ஆண்டளவில் நாயினாற் பரவும் நீர்வெறுப்பு மரணங்களை அறவே ஒழிப்பதென 2015இல் ஜெனீவாவில் இலக்கு வகுக்கப்பட்டது. அவ்விலக்கை நோக்கி நமது நாடு செல்லவேண்டிய தூரம் அதிகமில்லை. ஆனால் எஞ்சியுள்ள அச்சிறு தூரமே கடினமானது. பதிவேட்டிலே பெயரில்லாத நாய், உரிமையாளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ள ஒருவருமில்லாத நாய், வேலைக்குச் செல்லும் தாயும் தந்தையும் பகலில் வீட்டில் இல்லாத குடியிருப்பின் நாய், வேலிதாண்டித் திரியும் பூனை ஆகியன அங்கேயே உள்ளன. ஊசி ஏற்றும் உத்தியோகத்தர் சென்று தட்டவேண்டிய இறுதிக் கதவுகள் அவை. எவருடைய நாய் என்ற வினாவை விடுத்து, எந்த ஒழுங்கையின் நாய் என வினவும் பொதுச் சுகாதார நோக்கு ஒன்றே அக்கதவுகளைச் சென்றடைய வல்லது. அதற்கான நிதியும் ஆளணியும் குறைக்கப்படாதிருக்கக் குரல்கொடுப்பது, மிருக வைத்தியர்களுக்கு மாத்திரம் உரிய கடமையன்று. மக்கள் நலனில் அக்கறைகொண்ட அனைவருக்கும் உரியதாகும்.