தகடூர் நாட்டு இரும்பும் மூவகைச் சான்றும்

பண்டைப் பொருள்களை ஆராய்வார்க்கு இலக்கியம், அகழாய்வு, அறிவியல் என்னும் மூன்றும் துணையாவன. இவற்றை இணைத்துக் காணல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆயின், ஒன்று கூறாததை மற்றொன்றன் மேலேற்றிக் கூறுதல் இணைப்பாகாது, மயக்கமேயாம். இதனைத் தகடூர் நாட்டு இரும்பின் வரலாறு நன்கு விளக்கும்.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் விளங்க, அஞ்சியின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லனது கொட்டிலில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. துருவேறாமற் காத்தலும் சிதைந்ததைச் செப்பனிடுதலும் அக்கால வழக்கு என்பது இதனாற் பெறப்படும். அஞ்சி கற்பனை மாந்தன் அல்லன் என்பதனை 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைத் தமிழ்-பிராமிக் கல்வெட்டு உறுதிப்படுத்திற்று. எனினும், அவ்விரும்பு எம்மலைக் கனியினின்று வந்தது, இந்நிலத்தில் இரும்பு எப்போது தோன்றிற்று என்பனவற்றைப் பாட்டு கூறவில்லை. கூறுதல் அதன் நோக்கமும் அன்று.

இவ்வினாவிற்கு மண்ணடுக்கு விடை தருகின்றது. 2004இல் தருமபுரியினின்று பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2021இல் அகழ்ந்தது. அங்கு 104, 130 செ.மீ. ஆழங்களில் கிடைத்த மாதிரிகட்குக் கதிரியக்கக் கரிமக் கணிப்பு முறையே கி.மு. 1615, கி.மு. 2172 எனக் காலம் காட்டிற்று. இம்முடிவு 2022இல் அறிவிக்கப்பட்டது. சிவகளைக்குக் கி.மு. 3345 என்னும் காலம் 2025இல் அறிவிக்கப்பட்டமையும் ஈண்டு நினைக்கத்தகும்.

இங்கு ஒரு விழிப்பு வேண்டும். கரித்துண்டின் காலம் மரம் வளர்ந்த காலமேயன்றி, அருகே கிடந்த இரும்பு வடிக்கப்பட்ட காலம் அன்று. முதுமரத்தின் உள்வயிரம் அடுப்புத் தீயினும் பன்னூறாண்டு மூத்ததாகலாம். பிற்காலக் குழி முற்கால அடுக்கினுள் ஊடுருவியுமிருக்கலாம். ஆதலின் மாதிரிகள் பலவாதலும், அவை அடுக்கு முறையோடு ஒத்தலும் இன்றியமையாதன.

ஆக்கமுறையை அறிவிப்பது உலோகவியல். இரும்பு உருகுதற்கு 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பண்டை உலைகள் அதனை எட்டாமலே கனியைக் குறைத்தன; கிட்டம் உருகி வழிய, எஞ்சிய நுண்துளைக் கட்டியைக் கொல்லர் அடித்துத் திருத்தினர். ஆகவே, அகழ்வார் ஒதுக்கும் கிட்டமும் வேலினும் குறைந்த சான்றன்று. எஃகினுட் கலந்த கரிமம் உலைக்கரியினின்று வந்ததாதலின், அதனைக் கொண்டே பொருளின் காலத்தைக் கணித்தலும் இயல்வதாகும்.

மயிலாடும்பாறையின் தொன்மைக்கும் அஞ்சியின் வேலுக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் உள. அவ்விடைவெளியைப் பெருமிதத்தால் நிரப்பலாகாது. தீர்த்தமலைக் காந்தக் கனியும், இப்பகுதிக் கிட்டங்களும், அடுக்கறிந்து எடுத்த இரும்புப் பொருள்களும் ஒருங்கு வைத்து ஒப்பிடப்படுதல் வேண்டும். அவ்வொப்பீடு நிகழும்போதே, ஔவையார் கண்ட கொல்லனது உலைக்கு முன்னோர் யாவர் என்பது விளங்கும்.