86 வருஷச் சாபமும் ஒரு கணுக்கால் தையலும்

1/ அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்து பேஸ்பால் டீம் ரெட் சாக்ஸ். 1918-ல கோப்பை ஜெயிச்சாங்க. அடுத்த கோப்பை 2004-ல. நடுவுல 86 வருஷம்! அந்த 2004 சீசன் கதையில ஒரு டாக்டரும் ஒரு தையலும் வர்றாங்க. பேஸ்பால் தெரியாட்டியும் பரவாயில்ல, படிங்க.

2/ 1919 சீசன் முடிஞ்சதும் தங்களோட ஸ்டார் பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு வித்துட்டாங்க. அதுக்கப்புறம் யாங்கீஸுக்கு 26 கோப்பை, ரெட் சாக்ஸுக்கு பூஜ்யம். ரூத் விட்ட சாபம்னு ஊரே பேசிச்சு. 2003-லயும் ஃபைனலுக்கு முந்தின சுற்றுல, கடைசி ஆட்டத்துல, அதே யாங்கீஸ்கிட்ட தோல்வி.

3/ 2004. 162 ஆட்டத்துல 98 வெற்றி. யாங்கீஸ் 101. ரெண்டாவது இடம்தான், வைல்டு கார்டுல பிளே-ஆஃப் உள்ள வந்தாங்க. முதல் சுற்றுல ஏஞ்சல்ஸை 3-0ன்னு முடிச்சாங்க. ஆனா முக்கிய பிட்சர் கர்ட் ஷில்லிங்கோட வலது கணுக்கால் அங்கதான் மோசமாச்சு.

4/ உங்க கணுக்கால் வெளிப்பக்க எலும்பைத் தொட்டுப் பாருங்க. அதுக்குப் பின்னாடி தசைநாண் ஓடுது. அதைப் பிடிச்சு வைக்கிற உறை கிழிஞ்சா, அசையும்போதெல்லாம் தசைநாண் எலும்பு மேல ஏறி இறங்கும். வலது கையால வீசுற பிட்சர் உந்தித் தள்ளுறது அந்தக் கால்லதான்.

5/ அடுத்து யாங்கீஸ். ஏழுல நாலு ஜெயிக்கணும். முதல் ஆட்டத்துல ஷில்லிங் 3 இன்னிங்ஸ்ல 6 ரன் கொடுத்தார். மூணாவது ஆட்டம் 19-8 தோல்வி. இப்ப 0-3. அங்கிருந்து மீண்ட டீம் மேஜர் லீக் வரலாற்றுலயே அதுவரை கிடையாது.

6/ நாலாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கல். மாற்று ஓட்டக்காரரா வந்த டேவ் ராபர்ட்ஸ் அடுத்த பேஸுக்கு ஓடப் போறார்னு மைதானத்துல எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஓடிப் பிடிச்சார். ஸ்கோர் சமன். 12-வது இன்னிங்ஸ்ல டேவிட் ஆர்டிஸ் ஹோம் ரன். அடுத்த ஆட்டம் 14 இன்னிங்ஸ், முடிச்சது மறுபடியும் ஆர்டிஸ்.

7/ ஆறாவது ஆட்டத்துக்கு ஷில்லிங் வேணும். டீம் டாக்டர் பில் மோர்கன் ஒரு வழி கண்டார். தோலை உள்திசுவோட சேர்த்துத் தைச்சு, தசைநாண் நழுவாம ஒரு தற்காலிகச் சுவர். முன்னாடி யாரும் பண்ணி அவருக்குத் தெரியாது. அதனால முதல்ல சடலத்தோட கால்ல தைச்சுப் பார்த்துட்டுதான் ஷில்லிங்குக்குப் போட்டார்.

8/ அக்டோபர் 19. சாக்ஸ்ல ரத்தக் கறையோட 7 இன்னிங்ஸ், ஒரே ரன். 4-2 வெற்றி. ஏழாவது ஆட்டம் 10-3. ஃபைனல்ல கார்டினல்ஸை 4-0. அதுலயும் ஷில்லிங் தையலோடதான் ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் கொடுத்தார். அக்டோபர் 27, சந்திர கிரகண ராத்திரி, கோப்பை வந்துச்சு.

9/ பலர் கதையை இங்கயே நிறுத்திடுவாங்க. சீசன் முடிஞ்சதும் ஷில்லிங்குக்கு ஆபரேஷன். 2005-ல மாசக்கணக்கா ஆட முடியல, வந்தப்பவும் பழைய ஆட்டம் இல்ல. தையல் சில ராத்திரிகளைத்தான் வாங்கிக் கொடுத்துச்சு, காயத்தை ஆத்தல.

10/ "நாளைக்கு வேலைக்குப் போகணும், ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்"னு ஓபில தினமும் கேக்குறாங்க. தப்பு சொல்ல முடியாது, ஒரு நாள் கூலி போயிடும். ஆனா ஷில்லிங்குக்கு அடுத்து ஆபரேஷனும் ஓய்வும் சம்பளமும் காத்திருந்துச்சு. நமக்கு அது இல்ல. வலி அடங்குறது வேற, காயம் ஆறுறது வேற. கணுக்கால் பிசகி நாலு அடி வைக்க முடியலன்னா எக்ஸ்ரே எடுங்க. வெளிப்பக்கம் ஏதோ நழுவுற மாதிரி இருந்தா எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. தள்ளிப் போடாதீங்க.