தொண்டைமானுக்குக் கடல் இல்லை

தொண்டைமான்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. 1948 மார்ச் 3இல் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனபோதும் கிடைக்கவில்லை. 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமாகி, தஞ்சாவூரிலிருந்து அறந்தாங்கிப் பகுதி வந்து சேர்ந்த பிறகுதான் மணமேல்குடியும் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் புதுக்கோட்டைக் கணக்கில் ஏறின. கூடவே சூடையும் நெத்திலியும்.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். மிதவை நுண்ணுயிர்களைச் செவுளால் வடிகட்டித் தின்னும் சிறுமீன்களுக்குத் தோதான இடம். வள்ளம் கரையேறியதும் வலையைப் பிரித்து, கண்ணியில் தலை மாட்டிய சூடையை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். செதில் உதிர்ந்து முழங்கைவரை ஒட்டிக்கொள்ளும். விற்றது போக மிஞ்சியது மணலில் காய்ந்து கருவாடாகும்.

ஆனால் ஆங்கிலேயர் காலத்துச் சென்னை அரசாங்கத்தின் கண் இந்தக் கரைமேல் இல்லை, மலபார்மேல் இருந்தது. அங்கே சூடைக்கு உறவான மத்தி மலைமலையாகக் குவிந்தது. கூட்டுறவு குறித்த அறிக்கைக்காக அறியப்பட்ட பிரெடெரிக் நிக்கல்சன், சென்னை மாகாண மீன்வளத் துறைக்கும் அடித்தளமிட்டவர். மத்தியிலிருந்து எண்ணெயும் உரமும் எடுக்கும் தொழிலை ஊக்குவித்தார். 1940களில் மத்தி அருகிப்போக, 1943இல் சென்னை அரசு அதைப் பிடிக்கக் கட்டுப்பாடு விதித்தது. சூடைக்காக யாரும் அவ்வளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மேற்குக்கரையின் அந்த மத்தியை 1847இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய பிரெஞ்சுக்காரர் வலான்சியென், புதுச்சேரியிலிருந்து போன மீனைப் பார்த்துத்தான் எழுதினார். பாரிஸில் உட்கார்ந்திருந்தவருக்கு மலபார் மீனும் வங்கக் கடல் வழியாகவே அறிமுகம்!

கிழக்குக் கரையில் அது அப்போது பெரிதாகப் படவில்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்துதான் தமிழகக் கடலில் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியது. நம் மீனவர்கள் அதைப் பேச்சாளை என்கிறார்கள். எண்ணெய் அதிகம், முள் அதிகம் என்று சாப்பாட்டுக்குச் சூடையையே விரும்புவோர் இன்றும் உண்டு.

கேரளத்தில் நிலைமை வேறு. 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்த அந்த மாநிலத்தில், 2021இல் கிடைத்தது 3,297 டன். மீன் எங்கே போயிற்று என்று ஆய்வாளர்கள் மழையையும் கடல் வெப்பத்தையும் அலசிக்கொண்டிருக்க, வியாபாரிகள் கிழக்கே திரும்பினார்கள். இங்கே உள்ளூரில் அவ்வளவாக விலை போகாத பேச்சாளை, ஐஸ் போட்ட பெட்டிகளில் மலையாள நாட்டுக்கு லாரி ஏறுகிறது.